வளைந்து வந்த ஆரஞ்சு மிதவை

அம்மாவின் காலில் அடிபட்டதற்குக் காரணம் பவுடர்.

தும்பி இதைப் பள்ளியில் சொன்னபோது தோழிகள் யாரும் நம்பவில்லை. "பவுடர் பட்டா கால் வலிக்குமா?" என்று சிரித்தார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

தும்பியின் அம்மா பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து மிச்சமிருக்கும் நேரத்தில் அவர் நீந்துவார், சைக்கிள் மிதிப்பார், ஓடுவார். இந்த மூன்றையும் நடுவில் ஓய்வே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். முதலில் ஏரியில் நீச்சல். கரையேறியதும் சைக்கிள். சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓட்டம்.

"ஒண்ணு பண்ணாப் போதாதா? எதுக்கு மூணும்?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்பார்.

"மூணு பஸ் மாறினாத்தான் போய்ச் சேர முடியும்னா, மாறித்தானே ஆகணும் மாமா?" என்பார் அம்மா.

இந்தப் போட்டியில் ஈரக்காலோடு ஷூ மாட்ட வேண்டியிருக்கும். ஈரக்கால் ஷூவுக்குள் லேசில் போகாது. அதனால் முன்பே ஷூவுக்குள் பவுடர் தூவி வைப்பார்கள். அம்மா இதை வீட்டுக் கூடத்திலேயே பழகுவார். வாளித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, துண்டின்மேல் நின்று, ஷூவை மாட்டிக்கொண்டு வாசல்வரை பாய்வார். தும்பி கடிகாரம் பார்ப்பாள். தம்பி பவுடர் தூவுவான். தம்பிக்கு நான்கு வயது. உருண்டையாக இருப்பதால் அவனை எல்லோரும் உருளை என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் உருளை ஷூவுக்குத் தூவியதோடு நிறுத்தவில்லை. அங்கிருந்து வாசல்வரை தரையிலும் தூவிவிட்டான். டப்பா காலி.

"அம்மா இன்னும் வேகமா போவாங்கன்னு போட்டேன்," என்றான் பிறகு, அழுதுகொண்டே.

அம்மா வேகமாகத்தான் போனார். அதுவரை அவ்வளவு வேகமாகப் போனதே இல்லை. அவர் கதவில் மோதி நின்றபோது இடது கெண்டைக்கால் சதை கிழிந்துவிட்டிருந்தது.

தசைக் காயங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ அக்கா காலை அழுத்திப் பார்த்தார். "நீந்தலாம். மெதுவா சைக்கிள் ஓட்டலாம். ஓடக் கூடாது," என்றார்.

"எப்ப வரைக்கும்?" என்று அம்மா கேட்டார்.

"இடது காலை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, நுனிவிரல்ல நிக்கணும். தடுமாறாம, திரும்பத் திரும்பத் தூக்கி இறக்கணும். அது வர்ற அன்னைக்கு ஓடலாம். அதுக்கு முன்னாடி ஓடினா மறுபடி கிழியும். அப்புறம் எப்பவுமே ஓட முடியாமப் போனாலும் போகலாம்."

அந்தக் கடைசி வார்த்தைகளைத் தும்பி மறக்கவில்லை.

பேருந்தின் கிளட்சை மிதிப்பது இடது கால்தான். அதனால் அம்மாவுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். பயணிகள் பேருந்தில் தொலைத்த பொருள்களை வைத்திருந்து, தேடி வருபவர்களிடம் கொடுக்கும் வேலை.

"உலகத்துல இவ்ளோ குடை இருக்கறதே எனக்குத் தெரியாது," என்று அம்மா பெருமூச்சு விட்டார்.

வாரங்கள் போயின. அம்மா நீச்சல் குளத்துக்கு மட்டும் போய்வந்தார். தும்பியும் கூடப் போய்க் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு எதையும் உற்று உற்றுப் பார்ப்பதால்தான் அவளுக்குத் தும்பி என்று பெயர் வந்தது.

பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று தெரிந்தது. குளத்தில் ஒவ்வொருவரும் நீந்தும் தடத்துக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. அம்மா அடிக்கடி கயிற்றில் இடித்துக்கொண்டார். எப்போதும் இடது பக்கக் கயிற்றில்தான். வலது பக்கம் ஒருமுறைகூட இடிக்கவில்லை.

படகில் வலது துடுப்பை மட்டும் பலமாகப் போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும். அதுபோல அம்மாவின் வலது கால் பலமாக உதைத்தது. இடது கால் அவ்வளவாக உதைக்கவில்லை.

"அம்மா, நீ இடது பக்கமாவே ஒதுங்கிப் போற," என்றாள் தும்பி, வீடு திரும்பியதும்.

"அதான் நடுநடுவுல நிமிந்து பாத்துச் சரி பண்ணிக்கிறேன்ல?"

அப்பா சிரித்தார். "பஸ் நிறைய ஆளை நேரா கூட்டிட்டுப் போறவ, தன்னை மட்டும் கோணலா கூட்டிட்டுப் போறா!"

அப்பா சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். அவர் மிக்ஸி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஓடும் மிக்ஸிகளுக்கு நடுவே பேசிப் பேசி அவர் குரல் பெரிதாகிவிட்டது.

"சிரிங்க, சிரிங்க," என்றார் அம்மா. "எனக்கு இப்ப வலியே இல்ல. அடுத்த மாசம் ஏரியில போட்டி. பேர் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"அப்ப குதிகாலைத் தூக்கிக் காட்டு," என்றார் அப்பா.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல ஞாயித்துக்கிழமை ஏரியில நீந்திப் பாக்கறேன்."

அன்று மாலை அம்மா ஓட்டத்துக்கான ஷூவைத் துடைத்து வாசலருகே வைத்தார். அதைப் பார்த்ததும் தும்பிக்குப் பிசியோ அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மாவே வலி இல்லை என்கிறாரே!

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில் நால்வரும் ஏரிக்குப் போனார்கள். தும்பி தன் சின்னச் சைக்கிளில் வந்தாள்.

ஏரியை அவள் அவ்வளவு காலையில் பார்த்ததே இல்லை. தண்ணீர் அசையவில்லை. எங்கே வானம் முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இடப்பக்கம் தண்ணீர் இறைக்கும் நிலையத்தின் உயரமான சுவர். வலப்பக்கம் நாணல் காடு. நடுவில் தூரத்தில் ஒரு வெள்ளைக் கம்பம். இவை மட்டும் இல்லையென்றால் உலகம் தலைகீழாக இருந்தாலும் தெரியாது.

"இப்பதான் யாரோ ஊத்தி வச்ச மாதிரி இருக்கு," என்றாள் தும்பி, மிக மெதுவாக. சத்தமாகப் பேசினால் கலைந்துவிடும்போல இருந்தது.

அம்மா இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டார். கயிற்றின் மறுமுனையில் காற்றடைத்த தலையணைபோல ஓர் ஆரஞ்சு மிதவை இருந்தது. நீந்தும்போது அது பின்னாலேயே வரும். களைத்துப்போனால் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம்.

"தும்பி, உன் வேலை என்ன?"

"மிதவை மேலேருந்து கண்ணை எடுக்கக் கூடாது."

"அப்பா வேலை?"

"ஏதாவதுன்னா விசில் ஊதணும்," என்றார் அப்பா. கழுத்தில் தொங்கிய விசிலைத் தூக்கிக் காட்டினார்.

"உருளை, உன் வேலை?"

"பிஸ்கட்!" என்றான் உருளை.

அம்மா ஏரிப் படிக்கட்டில் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் இடது காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். ஆனால் தண்ணீருக்குள் போனதும் வேறு ஆளாகிவிட்டார். கைகள் ஒன்று மாற்றி ஒன்று உயர்ந்தன. சத்தமே வரவில்லை. அவ்வளவு பெரிய ஏரி அம்மாவுக்காக விலகி வழிவிட்டு, பிறகு மூடிக்கொண்டது. தும்பி மூச்சு விடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் தன் தலையைப் பின்னிவிட்ட அம்மாவா இது?

ஆரஞ்சு மிதவை சிறிதாகிக்கொண்டே போனது. வெள்ளைக் கம்பத்தைச் சுற்றியது. திரும்பியது.

அப்போதுதான் மூடுபனி வந்தது.

"அப்பா, எதிர்க்கரை மரத்தைக் காணோம்," என்றாள் தும்பி.

"எங்க போயிடும்? அங்கதான் இருக்கும்."

"கம்பத்தையும் காணோம்."

அப்பா எழுந்து நின்றார். வெள்ளையாக ஒன்று தண்ணீரின்மேல் தவழ்ந்து வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. கம்பத்தை விழுங்கியது. மிதவையை விழுங்கியது. படியருகே வந்து நின்றது.

தும்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். கண்ணாடியில் தவறில்லை.

அப்பா விசிலை வாயில் வைத்து ஊதினார். 'ஃபூ' என்று வெறும் காற்றுதான் வந்தது. கூடவே கொஞ்சம் தூள் பறந்தது.

இருவரும் உருளையைப் பார்த்தார்கள்.

"விசிலுக்கும் பசிச்சுது," என்றான் உருளை. அவன் கையில் பாதி பிஸ்கட் இருந்தது.

அப்பா வாயருகே கைகளைக் குவித்துக்கொண்டார். "இங்க வா! இந்தப் பக்கம்!" என்று கத்தினார்.

'பக்கம்... பக்கம்...' என்றது ஏரி.

எங்கிருந்தோ அம்மாவின் குரல் கேட்டது. "எங்க இருக்கீங்க? ரெண்டு பக்கமும் கேக்குது!"

அந்தக் குரல் இடப்பக்கமிருந்து வந்ததுபோல இருந்தது. அப்பா உருளையைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடப் பார்த்தார்.

"அப்பா, நில்லுங்க! கத்தாதீங்க!"

"என்னம்மா?"

"அங்க பெரிய சுவர் இருக்குல்ல? அதுல பட்டுத் திரும்பி வருது. உங்க குரலும் வருது, அம்மா குரலும் வருது. அதான் அம்மாவுக்குக் குழப்பம், நமக்கும் குழப்பம்."

அப்பா நின்றார். "அப்ப எந்தப் பக்கம்தான் போறது?"

யோசி, யோசி என்று தும்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மா நடுநடுவில் நிமிர்ந்து கரையைப் பார்த்துத்தான் தன் கோணலைச் சரிசெய்துகொள்வார். இப்போது நிமிர்ந்தாலும் பார்க்க எதுவும் இல்லை. அப்படியானால் அவர் இடது பக்கமாகவே வளைந்துகொண்டு போவார்.

ஆனால் அம்மா கரையை நோக்கி அல்லவா வந்துகொண்டிருந்தார்? அவருடைய இடது எது?

தும்பி சட்டென்று ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். இப்போது அம்மா எந்தப் பக்கம் பார்த்து நீந்துகிறாரோ, அதே பக்கம் அவளும் பார்த்தாள். இடது கையை நீட்டினாள்.

கை நாணல் காட்டைக் காட்டியது.

"அப்பா, அந்தப் பக்கம்! அம்மா நாணல் பக்கம்தான் போவாங்க."

"நிச்சயமாவா?"

"குளத்துல எப்பவும் இடது பக்கக் கயித்துலதான் இடிச்சாங்க. ஒரு தடவை கூட வலது பக்கம் இடிக்கல."

அப்பா உருளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சரி. நீ சைக்கிள்ல முன்னாடி போ. பாதையை விட்டு இறங்காத. மணி அடிச்சுக்கிட்டே போ, எனக்கும் கேக்கணும். நான் இவனைத் தூக்கிட்டுப் பின்னாடியே வர்றேன்."

தும்பி கரைமேல் இருந்த பாதையில் சைக்கிளை மிதித்தாள். டிரிங், டிரிங், டிரிங். சைக்கிளின் முன்சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் எல்லாம் வெள்ளை. கீழே பூமி இருக்கிறதா என்றுகூடச் சந்தேகம் வந்தது. பஞ்சுக்குள் சைக்கிள் ஓட்டுவதுபோல இருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், இப்படி ஒன்றை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. பயத்துக்கு நடுவிலும் அவள் கண்கள் அகலமாகத் திறந்திருந்தன.

நாணல் தொடங்கும் இடத்தில் இறங்கி நின்றாள். மணியை அடித்தாள். நிறுத்தினாள். காதைத் தீட்டிக்கொண்டாள். அடித்துக்கொண்டே இருந்தால் அம்மா பதில் சொன்னாலும் கேட்காது.

இங்கே எதிரொலி இல்லை. நாணல் சத்தத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டது.

மறுபடி அடித்தாள். நிறுத்தினாள்.

ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய அமைதி. இலை நுனியிலிருந்து ஒரு சொட்டு தண்ணீரில் விழுவதுகூடக் கேட்டது.

கணக்கு தப்போ? கை மாறிப்போனதோ? அம்மா சுவர்ப் பக்கம் போயிருந்தால்?

தும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் அடித்தாள். டிரிங், டிரிங்.

"தும்பி?"

குரல் பக்கத்தில்தான் கேட்டது. களைத்த குரல்.

"அம்மா! இங்க! மணிச் சத்தத்தைப் பாத்து வா!"

'சளப், சளப்' என்று தண்ணீர் பேசியது. வெள்ளைக்குள் எங்கோ ஓர் ஆரஞ்சு நிறம் கசிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக அடர்ந்தது. தண்ணீரிலிருந்து ஒரு குட்டிச் சூரியன் உதித்து வருவதுபோல இருந்தது. மிதவைக்கு முன்னால் ஒரு கை எழுந்தது. பிறகு ஒரு தலை.

அம்மா முழங்கால் ஆழத்தில் எழுந்து நின்றார். உடம்பு முழுவதும் ஆவி பறந்தது. பனியாலேயே செய்த ஆள்போல இருந்தார்.

தும்பி மணியை இன்னொரு முறை அடித்தாள். ஏன் அடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். அம்மாவைக் கைபிடித்து மேலேற்றி, உட்காரவைத்து, போர்வையைப் போர்த்தி, குடுவையிலிருந்த வெந்நீரைக் கொடுத்தார்.

அம்மாவின் பற்கள் தந்தியடித்தன. "தொ... தொலைஞ்ச பொருள் ஒண்ணு இருக்கு," என்றார். "யாரு வாங்கிட்டுப் போறீங்க?"

"எனக்கு! எனக்கு!" என்று உருளை அவர் மடியில் ஏறினான்.

அம்மா தும்பியின் பக்கம் திரும்பினார். "நான் இங்கதான் வருவேன்னு உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

தும்பி ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் வரைந்தாள். ஒரு புள்ளி, வெள்ளைக் கம்பம். இன்னொரு புள்ளி, படிக்கட்டு. இரண்டுக்கும் நடுவே நேராக ஒரு கோடு. பிறகு கம்பத்திலிருந்து புறப்பட்டு நாணல் பக்கம் வளைந்து போகும் இன்னொரு கோடு.

"உன் இடது கால் இன்னும் சரியா உதைக்கலம்மா," என்றாள். "உனக்கு வலிக்கலன்னாலும் தண்ணிக்குத் தெரியுது."

அம்மா அந்த வளைந்த கோட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளில் ஒரு விரலை வைத்துக்கொண்டு எழுந்தார். வலது காலை மடக்கினார். இடது காலில் நின்று குதிகாலைத் தூக்கப் பார்த்தார்.

குதிகால் கொஞ்சம் எழும்பியது. நடுங்கியது. தொப்பென்று இறங்கியது.

"ஆகல," என்றார் அம்மா. "ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, அழறியா?" என்றான் உருளை.

"ஏரித் தண்ணிடா."

உருளை தன் கையிலிருந்த பாதி பிஸ்கட்டை அம்மாவின் வாயில் வைத்தான். அது ஈரமாக இருந்தது. அம்மா அதையும் தின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல் வேலையாக வாசலில் இருந்த ஷூவை எடுத்தார். நாற்காலி போடச் சொல்லி, அப்பாவிடம் கொடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைக்கச் சொன்னார்.

"ஷூவுக்கு லீவா?" என்றான் உருளை.

"ஆமாம். காலுக்கும் லீவு."



போட்டி நாளன்று அம்மா ஏரிக்கரையில் நின்றார், மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு. கரையேறிய ஒவ்வொருவருக்கும் தும்பி மணி அடித்தாள். முதல் ஆள் ஓடிப்போனபோது அம்மா வேறு பக்கம் பார்த்தார். கடைசி ஆள் வந்தபோது எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

அதன்பிறகு வீட்டில் எங்கே பார்த்தாலும் அம்மா ஒற்றைக்காலில் நின்றார். பல் தேய்க்கும்போது நின்றார். பாத்திரம் கழுவும்போது நின்றார். தொலைந்துபோன குடைகளுக்கு நடுவிலும் நின்றாராம். உருளைதான் எண்ணுவான். "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து!"

"என்னடா, பாதியைக் காணோம்?"

"அம்மா வேகமா போறாங்கல்ல!"

ஒருநாள் அம்மா பேருந்து ஓட்டும் இருக்கைக்குத் திரும்பினார். இன்னொரு நாள், பிசியோ அக்காவின் முன்னால், குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தார், "போதும், போதும், எனக்கே கால் வலிக்குது" என்று அக்கா சொல்லும்வரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் மறுபடி ஏரிக்குப் போனார்கள். அம்மா வானத்தையும் எதிர்க்கரையையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினார். அப்பாவின் கழுத்தில் புது விசில் இருந்தது, உருளைக்கு எட்டாத உயரத்தில். அலமாரியிலிருந்து இறங்கிய ஷூ படிக்கட்டில் காத்திருந்தது.

"பவுடர் போடட்டா?" என்றான் உருளை.

"வேண்டாம்!" என்றார்கள் அப்பாவும் தும்பியும் ஒரே குரலில்.

தும்பி சைக்கிள் மணியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். தூரத்தில் ஆரஞ்சு மிதவை வெள்ளைக் கம்பத்தைச் சுற்றித் திரும்பியது. அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. கொஞ்சமாவது ஒதுங்குகிறதா? கொஞ்சமாவது?

சூரியன் எழுந்தது. அசையாத தண்ணீரில், மிதவைக்குப் பின்னால் ஒரு கோடு பளபளத்தது. கம்பத்திலிருந்து படிக்கட்டை நோக்கி, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நீண்டது. அவ்வளவு பெரிய ஏரியில் அந்த ஒரு கோடுதான்.

"மணி அடிக்கலையா?" என்று அப்பா கேட்டார். அவர்கூட மெதுவாகத்தான் கேட்டார்.

தும்பி கட்டைவிரலை எடுத்துவிட்டாள்.

"தேவையில்லப்பா," என்றாள்.

அம்மா நேராக வந்துகொண்டிருந்தார்.